மலைக்குள் தண்ணீர் போன வழி

கணக்கு படித்தால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பி ஏமாந்தவர்கள் உங்களில் நாலு பேராவது இருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான். ஊர் சிலமலை. வேலை, போடிக்கு மேலே ஏலக்காய்ச் சரிவில் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் எப்படிப் போகிறது என்று பார்ப்பது. கல்லும் வேரும் நண்டுப் பொந்துமாக ஒழுங்கே இல்லாத மண். ஒவ்வோர் ஓட்டையையும் எண்ண முடியாது. மொத்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடலாம். அளப்பது நான். தேற்றங்களை நிரூபிப்பது கொல்கத்தாவில் இருக்கும் தேபாசிஷ்.

குலுக்கல் சொன்ன இடம்

எங்கே தோண்டுவது என்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாது. கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டுச் சொல்லும். ஒரு நாள் ஜீப்பு ஓட்டும் கருப்பையா அண்ணன் நல்ல சமதளமாகப் பார்த்து மண்வெட்டியை இறக்கினார். "அங்க வேணாம்ணே, இங்க" என்று முள்ளும் பாறையுமாகக் கிடந்த ஓடைக்கரையைக் காட்டினேன். வசதியான இடத்தில் தோண்டினால் வசதியான மண்ணைப் பற்றித்தான் தெரியும் என்று விளக்கமும் சொன்னேன். இடுப்பளவு தோண்டி முடித்து, காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டபடி அவர் கேட்டார்: "ஏந்தாயி, அந்தக் கம்ப்யூட்டரு ஒருவாட்டியாச்சும் மலையேறி இருக்கா?"

பச்சைத் தண்ணீர்

தீங்கில்லாத பச்சைச் சாயத்தைக் கரைத்து அந்தக் குழியில் ஊற்றினோம். வழக்கமான கணக்குப்படி அது கீழே வந்து சேரப் பல நாளாகும். நாங்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடிக்கவில்லை, கீழிருந்து சத்தம். தோட்டத்தில் காய் பறிக்கும் பேச்சியம்மா அக்கா, துணி அலசும் ஊற்றிலிருந்து மேலேறி வந்தார். கையில் புருஷனின் வெள்ளை வேட்டி, கிளிப் பச்சையில். மண்ணுக்குள்ளே அந்தத் தண்ணீர் யாருக்கும் தெரியாத ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தது. எனக்குப் புல்லரித்துப் போயிற்று. கணக்கு படித்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றே கூப்பிடும் அக்காவுக்கு வேறு கவலை: "டீச்சர், மலைக்குப் பித்தம் கூடிருச்சா? பச்சை பச்சையா கக்குது!"

தேபாசிஷின் கோடு

ஈரம் கொஞ்சம் கூடினால் தண்ணீர் போகும் வழியும் கொஞ்சம் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தேபாசிஷின் தேற்றம் அப்படிச் சொல்லவில்லை. ஓர் எல்லை வரை வழிகள் துண்டு துண்டாகக் கிடக்கும். எல்லையைத் தாண்டியதும் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, மேலிருந்து அடிவரை மலை திறந்துகொள்ளும். அது வெறும் கற்பனைக் கட்டங்களுக்கு அவர் போட்ட கோடு. அதன்மேல் எங்கள் சரிவின் அளவுகளைப் புள்ளி புள்ளியாக வைத்து வீடியோ அழைப்பில் காட்டினேன். புள்ளிகள் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "நான் இதை நிஜ மண்ணுக்காக எழுதவே இல்லையே."

ஆறு வீடுகள்

ஐப்பசி மழையில் ஈரம் அந்த எல்லையை நெருங்கியது. அதைத் தாண்டித் தண்ணீர் அடிவரை இறங்கிவிட்டால், மண் பாறையை விட்டு நழுவிவிடலாம். சரிவுக்குக் கீழே ஆறு வீடுகள்; ஒன்று பேச்சியம்மா அக்காவுடையது. சரிவு விழும் என்று சொல்ல எங்களிடம் உறுதியில்லை. விழாது என்று சொல்லவும் இல்லை. "போய்ச் சொல். தப்பாகப் போனால் என் பேரையும் சேர்த்துக்கொள்" என்றார் தேபாசிஷ்.

விடிந்ததும் போய்ச் சொன்னேன். "மலை என்னைக்கு விழும்?" என்றார் அக்கா. "தெரியாதுக்கா. விழாமலும் போகலாம்." என் முகத்தையே பார்த்தவர், உள்ளே போய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில் எல்லோரும் தங்கினார்கள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. முணுமுணுப்பு கிளம்பியது.

மூன்றாம் நாள் மத்தியானம், லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். ஏலச்செடிகள் நின்றது நின்றபடி இருக்க, சரிவு அப்படியே நழுவி வந்து நாலு வீடுகளை மூடியது. காகிதத்தில் ஒரு கோடாக மட்டுமே நான் பார்த்திருந்தது அது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "தெரியாதுன்னு நெசத்தைச் சொன்னீக பாருங்க, அதான் கெளம்புனேன். தெரியும்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

இப்போதெல்லாம் கூட்டங்களில் யாராவது "உறுதியாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டால், முடியாது என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிரே வந்துவிடுகிறது.