கல்லுக்கால் மேல் கவிழ்த்த டம்ளர்

எங்கள் கொல்லை வேலியில் ஒரு கல்லுக்கால் இருக்கிறது. அக்காவை நினைத்தால் அதன் தலையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்தான் முதலில் கண்ணில் வருகிறது. அக்கா மட்டும் அதில் குடிப்பாள். அம்மா எட்ட நின்று தண்ணீர் ஊற்ற, அவளே கழுவிக் கவிழ்ப்பாள். "என் டம்ளருக்கு மட்டும் தனி வீடு கட்டிக் குடுத்துட்டாக பாத்தியா" என்று என்னிடம் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். நானும் அதைத் தொட்டதில்லை.

பிரசவத்துக்குப் போன இடத்தில் ரத்தம் பார்த்து, ஹெபடைடிஸ் பி, ஈரலில் வைரஸ் இருக்கிறது என்றார்கள். பிறந்த பிள்ளைக்கு உடனே ஊசி போட்டார்கள். அக்காவுக்கு மாத்திரை எழுதினார்கள். சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்ததை எங்கள் ஊர்க்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். திராட்சைத் தோட்டத்து மேஸ்திரி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ தொட்டுப் பறிச்ச பழம்னு தெரிஞ்சா யாவாரி எடுக்க மாட்டாரு, ஆத்தா" என்று அனுப்பிவிட்டார். மச்சான் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை. மாத்திரை வாங்கும் வரிசையில் தெரிந்த முகம் இருக்குமே என்று அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்தினாள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வயிறு வீங்கி, போன தை மாதம் செத்துப்போனாள்.

எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு, அதற்குப் பிறகு தேனியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. அங்கே மனுஷ ஈரலின் செல்களைத் தட்டில் வளர்க்கிறார்கள். உடம்புச் சூட்டிலேயே பெட்டிக்குள் வைத்து, நாள் தவறாமல் சாப்பாடு மாற்றுகிறார்கள். அக்காவைத் தின்ற அதே வைரஸை அதில் விட்டுப் பார்க்கிறார்கள். ஒருநாள் அங்குள்ள மேடம் சலித்துக்கொண்டார்.

"இந்த வைரஸ் லேசுல உள்ள போக மாட்டேங்குதும்மா. ஏதேதோ சேர்த்து, அளவுக்கு மேல ஊத்தினாத்தான் கொஞ்சமாவது நுழையுது."

"டம்ளர்ல குடிச்சா ஒட்டுமா மேடம்?"

"ஒட்டாது. ரத்தத்துல ரத்தம் கலக்கணும், இல்ல உடலுறவுல போகணும். ஏன், வீட்டுல யாருக்காவது இருக்கா?"

"இருந்துச்சு" என்றேன்.

கையில் இருந்த குடுவையைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. இத்தனை படித்தவர்கள் வேண்டுமென்றே நுழைக்கப் பார்த்தும் எளிதில் நுழையாத ஒன்றுக்காக, ஒரு டம்ளரை வெயிலில் கவிழ்த்தோம். டம்ளரில் ஒட்டாது என்று ஒரு வாக்கியத்தை அந்தச் சிவப்பு மைக்குப் பக்கத்தில் எழுத ஒருத்தருக்கும் கை வரவில்லையா? எழுதியிருந்தால் நான் வாசித்திருப்பேனே. எட்டாவது அதற்குப் போதுமே.

அந்த ஞாயிறு ஊருக்குப் போய் டம்ளரை எடுத்தேன். அக்கா மகளுக்கு நாலு வயது. "அது தொடக்கூடாது சித்தி" என்றாள். அம்மா உள்ளே இருந்து, "உசிரு வேணாமாடி ஒனக்கு?" என்று கத்தினாள். தண்ணீர் மொண்டு பாதியைக் குடித்துவிட்டுப் பிள்ளையிடம் நீட்டினேன். அவள், வாசலுக்கு வந்துவிட்ட தன் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள். டம்ளரை அடுப்படியில் மற்ற டம்ளர்களோடு வைத்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிறும் போனேன். டம்ளர் பழையபடி கல்லுக்காலின் தலையில் கவிழ்ந்திருந்தது. எடுத்தேன், கை சுட்டது. கழுவாமலே தண்ணீர் மொண்டேன்.