நடுரோட்டில் நிற்காத வண்டி

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தன் வண்டியைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு வாய் போதாது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களை நிறுத்தி வைத்தாவது பாடம் நடத்துவார். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடித்துவிட்டுத் தெருவெல்லாம் புகை விடும். இது ஃபோர் ஸ்ட்ரோக். இழுக்கும், அழுத்தும், வெடிக்கும், வெளியே தள்ளும். நாலையும் நிதானமாகச் செய்வதால் சத்தமில்லை, பெட்ரோலும் அதிகம் கேட்காது. நூறு சிசி எஞ்சின், மூடிய செயின், சேலை சிக்காமலிருக்கக் கம்பி வலை என்று நம்மைப் போன்றவர்களை நினைத்தே எவனோ ஒரு புண்ணியவான் இதை வரைந்திருக்கிறான் என்பார். கடைசியில் தவறாமல் வரும்: "நடுரோட்ல நிக்கவே நிக்காது."

எனக்கோ அந்த வண்டியால் மானம் போனது. ஏழாம் வகுப்பில் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் நைனா பள்ளி வாசலில் இறக்கிவிடுவார். ஒருநாள் என்னோடு படிக்கிறவள், "உங்கப்பா தையல் மெஷின்லயா வர்றாரு?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். துருக்கறை படிந்த சட்டையோடு அவர் அங்கேயே நின்று என் டிபன் பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. நைனா வழக்கம்போல எஞ்சினை அணைத்துவிட்டு, முன்னால் நின்ற ஆலைக்காரர்களிடம் பேசப் போனார். டேங்குக்கு அடியிலிருக்கும் பெட்ரோல் திருகை, அதாவது நாப்பை, மூடினால், கார்புரேட்டரில் மிச்சமுள்ளதை வைத்துக் கொஞ்ச தூரம் ஓடி வண்டி நின்றுவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எட்டிக் குனிந்து மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்துகொண்டேன்.

பள்ளிக்கு இரண்டு தெரு முன்னால், பஞ்சர் கடையருகே வண்டி இருமி நின்றது. நைனா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் கை நேராக நாப்புக்குத்தான் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"இன்னா ஆச்சு நைனா?"

"பிளக்ல இன்னாவோ பேஜாரு பாப்பா. டைம் ஆவுது பாரு, நீ நடந்து பூடு," என்றார், என்னைப் பார்க்காமல்.

தப்பித்தோம் என்று ஓடினேன். தெருமுனை திரும்புவதற்குள் வண்டி ஒரே உதையில் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு நான் நாப்பைத் தொட வேண்டி வரவே இல்லை. தினமும் அதே பஞ்சர் கடையருகே வண்டி தானாகவே நின்றது. "இன்னிக்கும் பேஜார் பண்ணுது," என்று பையை எடுத்துக் கொடுப்பார். அதிர்ஷ்டம் என் பக்கம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது, நான் சொல்லித் தெரிந்துகொண்ட அம்மா எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

"நடுரோட்ல நிக்காத வண்டின்னு பீத்திக்கினு இருந்தியே, டெய்லி நிக்குதாமே?"

வண்டியை ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்கு வரும் மனிதர், "இன்னா பண்றது, பழசாயிடுச்சி," என்று தலையைக் குனிந்து சாப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்புதான் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் கூசுகிறது.

அந்த வண்டியில்தான் இன்று நான் வேலைக்குப் போகிறேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பஞ்சர் கடையைத் தவிர வேறெங்கும் அது நின்றதே இல்லை. நைனாவிடம் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை. எந்த முகத்தோடு பேசுவது?