நான் வெட்டிய எண்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகராமல் நின்ற காலையில் யோகாவின் மகள் தர்ஷினி அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க." "வாறன் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். போய் என்ன செய்யப்போகிறேன்?

கண்டியில் எங்கள் ஹோர்மோன் ஆய்வுகூடத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் யோகேஸ்வரியைத் தெரியும். ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து படித்து, பதினெட்டு வருடம் என் பக்கத்து மேசையில் வேலை செய்தவள். இரத்தம் எடுக்கும்போது, "கண்ண மூடாதீங்க, என்னையப் பாருங்க, நான் என்ன அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?" என்பாள். பயந்தவர் சிரித்து முடிப்பதற்குள் டியூப் நிறைந்திருக்கும். என் யாழ்ப்பாணத் தமிழையும் விடமாட்டாள். "நீங்க 'வாறன்'னு சொன்னா ஒரு மணித்தியாலம் ஆகும், அண்ணே."

புதிய பரிசோதனை ஒன்றைத் தொடங்கும்போது நாங்களே எங்கள் இரத்தத்தைக் கொடுப்போம். நோயில்லாதவர்களின் அளவு தெரிய வேண்டுமே. தைரொயிட் சுரப்பியில் வரும் ஒருவகைப் புற்றுநோயைக் காட்டும் ஹோர்மோன் பரிசோதனை வந்தபோதும் எட்டுப் பேர் கொடுத்தோம். யோகாவுக்கு மட்டும் எண் எகிறியது. "என் ரத்தத்துக்குக் கொழுப்பு கூட" என்று சிரித்தாள். பரிசோதனைக் கிட்டில் பிழை என்றேன் நான். அவளுடைய எண்ணைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு, வாசல் காவலாளியின் இரத்தத்தை எடுத்து எட்டாக்கினேன். மடையன்! வெளியாள் ஒருவரின் எண்ணாக இருந்தால் திரும்பச் செய்திருப்பேன். எங்கள் யோகா, அவளுக்கு என்ன வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துக் கழுத்தில் கட்டி தெரிந்தது. அதற்குள் ஈரலுக்கும் போயிருந்தது. பரம்பரையாக வரும் மரபணுப் பிழை என்றார் டொக்டர். உயிரணுவை வளரச் சொல்லும் புரதம் ஒன்று, ஏவுவார் இல்லாமலே ஏவிக்கொண்டிருக்கிறதாம். யோகா அதை மகளுக்கு விளக்கினாள்: "கோலிங் பெல் சுவிட்ச் சிக்கிக்கிச்சு பாப்பா. வாசல்ல ஆளே இல்ல, பெல் மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு." தன் தாயும் கழுத்துக் கட்டியால்தான் இறந்தார் என்பதை அன்றுதான் எங்களுக்குச் சொன்னாள். பிள்ளைகளின் கல்யாணம் குழம்பிவிடும் என்று வீட்டில் மறைத்திருந்தார்கள்.

வெட்டிய எண்ணைச் சொல்லி ஒருநாள் அவள் கட்டிலருகே அழுதேன். "விடுங்க அண்ணே, நானும்தானே பார்த்துச் சிரிச்சேன்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "தர்ஷினிக்கு இருந்தா மறைக்காதீங்க. நீங்களே சொல்லணும்."

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த வாரத்தில் தர்ஷினியின் மரபணுப் பரிசோதனைப் பதில் வந்தது. மகளுக்கும் அந்தப் பிழை இருக்கிறது. அதே ஹோர்மோன் பரிசோதனைக்கு அவளுடைய இரத்தத்தை நானே எடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சிரிக்கவைக்க எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் எண் கூடுதலாகவே வந்தது. கிட்டில் பிழையாக இருக்கக்கூடாதா என்று மனம் கெஞ்சியது. திரும்பச் செய்தேன். அதே எண்தான்.

யோகாவை அறிந்த உங்களுக்கு இதையெல்லாம் மறைக்காமல் எழுதச் சொன்னவள் தர்ஷினி. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பழைய தாள்தான். சிவப்புக் கோட்டுக்கு அடியில் யோகாவின் எண்ணை இன்றும் வாசிக்கலாம். மகளின் எண்ணை நான் வெட்டவில்லை. அன்று அவள் பதிலுக்காக வெளியே கதிரையில் காத்திருந்தாள். "வாறன் பிள்ளை" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தேன். எழுந்து போக ஒரு மணித்தியாலம் ஆனது.