பஞ்சின் எட்டாவது லைன்

என் தம்பி பொண்டாட்டிக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும். நாங்கள் இருவரும் ஒரே சட்டைக் கம்பெனியில் சூப்பர்வைசர்கள். ஏழாவது லைன் என்னுடையது, எட்டாவது அவளுடையது. என் குரல் பேக்கிங் செக்‌ஷன் வரைக்கும் கேட்கும். அவள் பேசுவது பக்கத்து மெஷினுக்கே கேட்காது. அதனால் ஹால் முழுக்க அவளுக்குப் 'பஞ்சு' என்றுதான் பேர்.

பன்னிரண்டு வருஷம் மெஷினில் உட்கார்ந்து தைத்து, போன வருஷம்தான் சூப்பர்வைசராக எழுந்து நின்றாள். அதற்கும் வந்தது வேட்டு. ஒருநாள் மேனேஜர் என் எதிரிலேயே சொன்னார்: "உங்க லைன்ல ஒரு அதட்டல் இல்ல, மிரட்டல் இல்ல. இந்த ஆர்டர் முடிஞ்சதும் நீங்க மறுபடி மெஷினுக்கே போயிடுங்கம்மா."

அவள் தலையாட்டினாள். "ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? நாலு பேரைத் திட்டித் தொலையேன்! அடியாத மாடு படியாதுடி" என்றேன். "அதுங்க மாடு இல்லையே அண்ணி" என்றாள். இவளிடம் என்னத்தைப் பேச?

அந்த ஆர்டர் கருநீலச் சட்டை. துணி ஒவ்வொரு ரோலிலும் ஒரு இழை நிறம் மாறியிருக்கும். அதனால் வெட்டிய துண்டுகளில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். ஒரே நம்பர் உள்ள கை, கை முனையில் வரும் பட்டி, காலர், உடம்பு எல்லாம் ஒரே சட்டைக்குப் போக வேண்டும்.

லாரி வரும் நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும், கைப்பட்டி தைக்கும் பெண் ஒருத்தி பஞ்சுவிடம் வந்து நின்றாள். "அக்கா, காலையில ஸ்டிக்கர் எல்லாம் கொட்டிப் போச்சு. நானா ஒரு குத்துமதிப்பா ஒட்டிட்டேன். நாப்பது சட்டை இருக்கும்."

நானாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இவளோ, "சொல்லிட்டியே, அதுவே போதும். வா, பார்ப்போம்" என்று ஒரு சட்டையை ஜன்னலோரம் எடுத்துப் போனாள். டியூப்லைட்டில் தெரியாதது வெயிலில் பல்லிளித்தது. கைப்பட்டி ஒரு நிறம், சட்டை ஒரு நிறம்.

உடனே லைனை நிறுத்தினாள். மேனேஜர் ஓடி வந்தார்.

"அஞ்சு மணிக்கு லாரி! யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"பிரிச்சுத் தைக்கணும் சார்."

"யார் பண்ணுனது? அவளை முதல்ல வெளிய அனுப்புங்க!"

"லைன் என்னோடது சார். என்னைக் கேளுங்க."

அவர் நாலு முறை கத்தினார். நாலு முறையும் அதே பதில், அதே குரலில். கடைசியில் அவருக்குத்தான் தொண்டை கட்டியது.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, ஸ்டிக்கர் ரெண்டு லைனுக்கும் ஒண்ணுதானே? உங்க லைன்லயும் கொட்டியிருக்குமே?"

"என் லைன்லயா? ஒருத்தி தப்பு பண்ணிட முடியுமா?" என்று மார்தட்டினேன்.

அவள் என் பெண்களிடம் போனாள். "உங்களுக்கும் கொட்டுச்சாம்மா? கொட்டினா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

ஒரு கை உயர்ந்தது. பிறகு மூன்று. பிறகு ஏழு. தூக்கிய கையோடு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்களுக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. என் வாய்க்குப் பயந்து மூடி வைத்திருக்கிறார்கள். அதற்குள் என் லைனின் இருநூறு சட்டை பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

இரண்டு லைனும் சேர்ந்து பிரித்துத் தைத்தோம். லாரி மறுநாள் காலையில் போனது, ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் கையில் பட்டியலோடு எட்டாவது லைனுக்கு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே போய் நின்றேன். "சார், அவளை மெஷினுக்கு அனுப்புறதா இருந்தா முதல்ல என்னை அனுப்புங்க! அன்னைக்கு இந்தக் கம்பெனி மானத்தைக் காப்பாத்துனது என் தொண்டை இல்ல, அவ!"

"அட, யாரும்மா அனுப்புறா? புதுசா வர்ற இருபது பேரையும் முதல் மாசம் இவங்ககிட்டதான் விடப்போறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாலைப் பார்த்துத் திரும்பி, "கேட்டுச்சாடி எல்லாருக்கும்? என் தம்பி பொண்டாட்டியாக்கும்!" என்று ஒரு கத்தல் போட்டேன்.

பஞ்சு என் கையைப் பிடித்தாள். "அண்ணி, மெதுவா. பிள்ளைங்க பயந்துக்கப் போகுது."

வாயை மூடிக்கொண்டேன். என்னை அடக்கிய முதல் ஆள் அவள்தான்.