கழற்றாத ஊக்கு

என் பெட்டிக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. கவருக்குள் நான்காக மடித்த ஒரு காகிதம். கையால் மடித்த மடிப்பல்ல, இஸ்திரிப் பெட்டி வைத்து அழுத்தியது. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதன் குறுக்கே ஒரு ஊக்கு மாட்டியிருக்கிறது. மாட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான். அந்த ஊக்கைக் கழற்றியிருக்க வேண்டிய ஆள் கழற்றவில்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கவரைப் பார்த்தால் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

வளைகுடாவில், அஜ்மானில் ஒரு லாண்டரிக் கடையில் வண்டி ஓட்டுகிறேன். வீடு வீடாகப் போய் அழுக்குத் துணி எடுப்பதும், வெளுத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் டூட்டி. மச்சான் அதே கடையில் துணி தேய்க்கும் பிரஸ் வேலையில் இருந்தார். ஆறு வருஷம் ஸ்டீம் டேபிள் முன்னால் நின்றார். எங்களிடம் ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு நம்பர் உண்டு. அதைச் சின்னத் துணித்துண்டில் எழுதி ஊக்கால் மாட்டிவிடுவோம். தண்ணீரில் போடுமுன் பாக்கெட் பார்க்க வேண்டும். மோதிரமோ, சாவியோ, மருந்துச் சீட்டோ, பல் குத்தும் குச்சியோ, எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டு, நம்பர் மாட்டி, துணியோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது முதலாளி போட்ட சட்டமல்ல. மச்சான் போட்டது. “துணியோட வந்தது துணியோட போகணும் மாப்ள. குப்பையா நகையான்னு பாக்குறது நம்ம வேல இல்ல” என்பார். அந்த ஆறு வருஷத்தில் எங்கள் கடையில் ஒரு பொருளைக் காணோம் என்று யாரும் சொன்னதில்லை.

அறுபத்திரண்டாம் நம்பர் ஒரு சார். கடற்கரைப் பக்கம் பதினோராவது மாடியில் வீடு. சென்னைக்காரர். பெரிய கம்பெனி மேனேஜர். அந்தக் கம்பெனி யூனிபார்ம் முழுக்க அவர் சொல்லித்தான் எங்கள் கடைக்கு வருகிறது. குரலை உயர்த்த மாட்டார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். வெயிலில் போனால் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல ஒரு சாட்சியும் என்னிடம் இல்லை. அதுதான் ஆத்திரத்தை இன்னும் கூட்டுகிறது.

அவர் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு பாம்பு. மலைப்பாம்பு ஜாதியாம், ஆப்பிரிக்கா பக்கத்ததாம், விஷம் கிடையாதாம். நீட்டினால் என் கையை விடக் கொஞ்சம் கூடுதல். மகன் பிறந்தநாளுக்காக யாரிடமோ வாங்கியது. முதல் மாதம் பையன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றான். வருகிறவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். பிறகு தொட்டி மேல் கார் சாவி வைத்தார்கள். பிறகு கூரியர் அட்டைப்பெட்டி. வாராவாரம் போகிறவன் நான், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பாம்பு என்றால் பயம். பார்த்தும் பார்க்காத மாதிரி துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஜூலையில் குடும்பத்தோடு ஊருக்குப் போனார்கள். வருவதற்குள் கர்ட்டன்களை வெளுத்து வைக்கச் சொல்லியிருந்தார் சார். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். வெளியே தெரு கொதிக்கிறது. உள்ளே போனதும் எனக்கு உடம்பு நடுங்கியது. ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே கோடையில் பூட்டிப் போகிறவர்கள் அப்படித்தான் விட்டுப் போவார்கள், இல்லையென்றால் புழுக்கத்தில் சோபா பூஞ்சணம் பிடித்துவிடும். சோபாவுக்காக ஓடிய ஏசி அது. தொட்டியில் இருந்த சூட்டு விளக்கு எரியவில்லை. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து வெள்ளையாக ஒரு வளையம் மட்டும் இருந்தது. பாம்பு மூலையில் பந்தாகச் சுருண்டு கிடந்தது. உரிய வேண்டிய சட்டை உரியாமல் உடம்போடு ஒட்டி, அதன் மேல் இன்னொரு சட்டை ஒட்டி, பழைய சுவரில் பெயிண்ட் உரிவது மாதிரி இருந்தது. கண்கள் இரண்டும் வெள்ளையாக மூடியிருந்தன. வால் நுனி கறுத்திருந்தது. செத்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டினேன். விலா ஒரு தடவை ஏறி இறங்கியது.

சாருக்குப் போட்டோ அனுப்பினேன். பதில் குரலில் வந்தது. “அது இன்னும் இருக்காண்ணா? யாருக்காவது குடுக்கணும்னு நெனச்சேன், மறந்தே போச்சு. நீங்களே எதாவது டிஸ்போஸ் பண்ணிடுங்கண்ணா, ப்ளீஸ்.” பின்னால் மேளச் சத்தம் கேட்டது. ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார்.

கர்ட்டனை அதன் மேல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே அள்ளினேன். கடையில் மச்சான் மூட்டையைப் பிரித்தார்.

“என்ன மாப்ள இது?”

“அறுபத்திரண்டோட பாம்பு.”

“துவைக்கணுமா, பிரஸ் மட்டுமா?”

சிரித்தவர் அதைத் தொட்டதும் நிறுத்திவிட்டார். “ஐஸ் மாதிரி இருக்கு. இந்த ஊர்ல வந்து குளுருல சாகுது பாரு ஒரு சீவன்.” தொங்கிக்கொண்டிருந்த சட்டையின் ஓரத்தை நான் இழுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “காஞ்ச கஞ்சியப் பிச்சா துணியும் சேந்து வரும். மொத ஊறட்டும்.”

அவருக்குப் பாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. துணியைத் தெரியும். பாய்லர் ஓடுகிற அந்தப் பின்னறை எப்போதும் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். நாங்கள் வேலை செய்து சட்டை நனைகிற அறை அது. அந்தப் பாம்புக்கு வேண்டியதும் அதுதான் என்று பிறகு தெரிந்தது. பக்கத்து ஊரான முவைலாவில் நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு கிளினிக்கின் துண்டுகள் எங்களிடம்தான் வெளுக்க வரும். அங்கே இருந்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். வாலில் அழுகிய நுனியை எடுத்துவிட்டு, வாய்ப்புண்ணுக்கு மருந்து கொடுத்தார். கண்ணை மூடியிருக்கும் தோலை மட்டும் தொடவே கூடாது, தானாக வரும் என்றார். சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர் தந்தார். சோப்புத் தூள் வந்த பெரிய வாளியின் மூடியில் மச்சான் துளை போட்டார். பாம்பு உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியும், நனைத்துப் பிழிந்த துண்டும் வைத்தார். வாளிக் கைப்பிடியில் 62 என்று நம்பர் மாட்டினார். பேரும் அதுவே ஆகிவிட்டது. தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, அதில் பாம்பை அரைமணி நேரம் கிடத்துவார். அப்புறம் ஈரத் துண்டை அதன் மேல் தளர்வாகச் சுற்றிப் பிடிப்பார். அது துண்டுக்குள்ளேயே நழுவிப் போகும். போகப் போகச் சட்டை துண்டிலேயே தங்கும். அவர் ஒரு தடவைகூட இழுத்ததில்லை.

உறைய வைத்த எலியைத்தான் தீனியாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. அதை எங்கள் ரூம் பிரிட்ஜில் பேப்பர் சுற்றி வைத்தார் மச்சான்.

“யாருய்யா பிரிட்ஜுல கருவாடு வச்சது?” என்றார் ரூம்காரர் ஒருவர்.

“கருவாடு இல்லண்ணே, எலி.”

“குசும்பப் பாரு” என்று பிரித்தவர் இரண்டு நாள் வெளியே ஓட்டலில் சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம் கண்ணை மூடியிருந்த தோல் துண்டோடு வந்தது. கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி இரண்டு வட்டம். கீழே கறுப்பாகக் கண். அது மச்சானைப் பார்த்ததா, என்னைப் பார்த்ததா தெரியாது. ஆனால் பார்த்தது. ஆறாவது வாரம் எலியை எடுத்தது. மச்சான் பிரஸ் பெட்டியை நிறுத்திவிட்டு, அது விழுங்கி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் முதல் தடவை நான் அதைக் கையில் வாங்கினேன். மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. பயம் போய்விட்டது. போனில் வீடியோ எடுத்தேன்.

எடுத்ததோடு நின்றிருக்கலாம். செப்டம்பரில் சார் வந்ததும் கர்ட்டன் கொடுக்கப் போனேன். “அந்தப் பாம்பை என்னண்ணா பண்ணீங்க?” என்று கேட்டார். செத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. பெருமை தாங்காமல் வீடியோவைக் காட்டினேன்.

“சூப்பர்ணா. புதுசு மாதிரி இருக்கே. நாளைக்குக் கொண்டு வந்துடுங்க, பையனோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வராங்க.”

புதுசு மாதிரி. வெளுத்த சட்டையைச் சொல்வது மாதிரி சொன்னார்.

மச்சான் தர மாட்டேன் என்றார். இரண்டு நாள் கழித்து முதலாளி கடைக்கு வந்தார். “அவரு பொருள் நம்மகிட்ட இருக்குதாமே. கேட்டா குடுக்க மாட்டேங்கிறியாமே. நீதானய்யா எல்லாருக்கும் சட்டம் சொல்லுவ, துணியோட வந்தது துணியோட போகணும்னு?” என்றார். மச்சான் சொன்ன சொல்லை வைத்தே அவரை மடக்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஒரு காகிதத்தில் ஐந்து வரி எழுதினார். எழுத்துப்பிழை வரக்கூடாது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும். மடித்து, தேய்த்து, ஊக்கு மாட்டிக் கொடுத்தார். நான் பாம்பையும் காகிதத்தையும் சார் கையில் கொடுத்தேன். “படிச்சிடறேன்ணா” என்று பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் அந்த பேன்ட் வெளுக்க வந்தது. பாக்கெட் பார்த்தது மச்சான்தான். காகிதத்தை எடுத்தார். ஊக்கு மாட்டியபடியே இருந்தது. அவர் தேய்த்த மடிப்பு அவருக்குத் தெரியாதா. யாரும் பிரிக்கவில்லை. டேபிளில் பாதியில் கிடந்த சட்டையைத் தேய்த்து முடித்தார். காலரை இரண்டாம் தடவை அழுத்தினார். காகிதத்தை ஒரு கவரில் போட்டார்.

“வண்டிய எடு மாப்ள.”

“எங்க?”

“பாக்கெட்ல இருந்துச்சு. திருப்பிக் குடுக்கணும்ல.”

நான் கீழே வண்டியிலேயே இருந்தேன். கால் மணி நேரத்தில் துணிப்பையோடு இறங்கி வந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியில் ஏசிக் காற்று வருகிற துளைகளை, என் பக்கத்தையும் சேர்த்து, அடைத்தார்.

“சாரு போன்ல இருந்தாரு. கவர நீட்டுனேன். அங்க வைங்கன்னு கையக் காட்டிட்டு பால்கனி பக்கம் திரும்பிக்கிட்டாரு. தொட்டியப் பாத்தேன். தண்ணி இல்ல. வெளக்கு இல்ல. அதே குளுரு.” பையின் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினார். “எடுத்துட்டேன்.”

“காகிதம்?”

“வச்சுட்டு வந்தா மட்டும் படிக்கவா போறாரு? நீ வச்சுக்க.”

பழைய வாளி வண்டியிலேயே கிடந்தது; பாம்பை அதில் விட்டு நேரே கிளினிக்குக்குப் போனோம். அல் ஐனில் இந்த மாதிரி பிராணிகளை வைத்துக்கொள்ள அனுமதியுள்ள ஓர் இடம் இருக்கிறது, பேசி அனுப்பிவிடுகிறேன் என்றார் டாக்டரம்மா. மச்சான் வாளியில் இருந்த 62ஐக் கழற்றிக் குப்பையில் போட்டார். பிறகு அங்கேயே நின்று சாருக்குக் குரல் அனுப்பினார். “சார், பாம்ப நான்தான் எடுத்தேன். திருப்பித் தர மாட்டேன். எம்மேல புகார் குடுக்கணும்னா குடுங்க.”

சார் போலீசுக்குப் போகவில்லை. பாம்பு வைத்துக்கொள்ள அவரிடமும் அனுமதிக் காகிதம் கிடையாது. முதலாளிக்கு மட்டும் ஒரு போன். கோபமாகக்கூட பேசவில்லையாம். நம்பிக்கை போய்விட்டது, யூனிபார்மை வேறு கடைக்குக் கொடுக்க யோசிக்கிறேன் என்றாராம். முதலாளி எங்கள் இருவரையும் எதிரே நிறுத்தினார். “வண்டி ஓட்டுனது யாரு?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் மச்சான் முந்திக்கொண்டார். “அவனுக்கு ஒண்ணும் தெரியாது. துணி எடுக்கப் போறோம்னுதான் வந்தான்.” நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தெரியும் என்று சொல்லவில்லை. சாரை எத்தனை திட்டினாலும் அந்த இடத்தில் நான் நின்ற நிலை எனக்கு மறக்கவில்லை.

பத்து நாளில் மச்சானின் விசா கேன்சல். விமான நிலையத்தில் மச்சான், “அல் ஐனுக்கு ஒரு நடை போயி, தண்ணி வைக்கிறாங்களான்னு பாத்துட்டு வா” என்றார். அக்கா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்கு முன்னால் அவள் கேட்டது ஒரே கேள்விதான். “நீ எதுக்குடா அத அவருக்குக் காட்டுன?”

அல் ஐனுக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம், சூடு, ஒளிந்துகொள்ள மரப்பொந்து எல்லாம் இருக்கிறது. முனையில்லாத வாலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். ‘பெருத்துட்டான்’ என்று மட்டும் பதில் போட்டார். ஊரில் அவர் இப்போது ஒரு துணிக்கடை குடோனில் மூட்டை தூக்குகிறார்.

அறுபத்திரண்டின் துணியை இன்றைக்கும் நான்தான் எடுக்கிறேன். தொட்டியில் இப்போது பையன் போட்டிகளில் வாங்கிய கப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். போன வாரம் சார், “உங்க மச்சான் எப்படி இருக்கார்ணா? நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்” என்றார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை. அவர் பாக்கெட்டில் அன்றைக்கு ஒரு சூயிங்கம் தாள் இருந்தது. கவரில் போட்டு, நம்பர் மாட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

இந்தக் காகிதமும் அவர் பாக்கெட்டில் இருந்து வந்ததுதான். சட்டப்படி அவருக்குப் போக வேண்டியது. தர மாட்டேன். மச்சான் எழுதும்போது பக்கத்தில் இருந்தவன் நான், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தினமும் தண்ணீர் மாற்றுவது, ஏசிக்கு எதிரே வைக்காமல் இருப்பது, விளக்கு, தீனி என்று நான்கு வரி. ஐந்தாவது வரியில்தான் என்னிடம் எழுத்துச் சரியா என்று கேட்டார்.

‘பாத்துக்க முடியலன்னா ஒரு போன் பண்ணுங்க சார், நாங்களே வந்து எடுத்துக்கிறோம், தப்பா நினைக்க மாட்டோம்.’