ஐந்தரை வாட்டில் ஆறாயிரம் வாய்கள்

லெபனானில், திரிப்போலி நகரத்தை ஒட்டிய துறைமுக ஊரான மீனாவில் என் மருந்துக்கடைக்கு மேலே, நான்காம் மாடியில் நுஹாத் ஹத்தாரா என்ற அம்மாளும் அவருடைய அண்ணன் பஹீஜும் வசிக்கிறார்கள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் பஹீஜ், "கப்பல்ல இருந்தேன்" என்பார். நுஹாத், "லேப்ல இருந்தேன்" என்பார். இரண்டும் உண்மை.

பஹீஜ் சரக்குக் கப்பலில் முப்பது வருஷம் சமையல்காரர். நுஹாத் பல் செய்கிறவர். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்ப, அதற்கேற்றபடி கேப்பும் பல்செட்டும் செய்து கொடுக்கும் லேபில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். கடைசிப் பன்னிரண்டு வருஷம் பிளாஸ்டர் அச்சுக்குப் பதிலாக ஸ்கேனர் வந்துவிட்டது. ஒவ்வொரு வாயும் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு. லேப் முதலாளி சைப்ரஸுக்குக் குடிபெயர்ந்தபோது மிஷின்களை விற்றார், நாற்காலிகளை விற்றார். கோப்புகளை வாங்க ஆளில்லை.

"நீயே வச்சுக்கோ நுஹாத். பல்லை யாரு திருடப் போறா" என்றார்.

இப்படித்தான் ஆறாயிரத்து நானூறு வாய்கள் நுஹாத் பொறுப்புக்கு வந்தன. ஊரில் பாதிப் பேரை அவருக்குப் பெயரால் தெரியாது. "நேத்து என் கடையில சத்தம் போட்டாரே, நீலச் சட்டை போட்ட ஆளு" என்று நான் சொன்னால், "ஓ, மேல் இடது ஆறாவது" என்பார்.

கோப்புகளெல்லாம் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் இணையச் சேமிப்பில் மாத வாடகைக்கு இருந்தன. லெபனானில் வங்கிகள் கதவைச் சாத்திய பிறகு எங்கள் யாருடைய அட்டையும் கடல் தாண்டிச் செல்லுபடியாகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நுஹாத்துக்குக் கடிதம் வந்தது. வாடகை வரவில்லை, தொண்ணூறு நாளில் அனைத்தும் அழிக்கப்படும், தங்கள் ஆதரவுக்கு நன்றி. கடைக்கு இறங்கி வந்து எனக்கு வாசித்துக் காட்டினார்.

"நன்றி வேற சொல்லியிருக்கான்" என்றார்.

"போனாப் போகட்டுமே. பல்லுதான் அவங்கவங்க வாயில இருக்கே" என்றேன்.

"நீங்க ஏன் டாக்டர் பழைய மருந்துச் சீட்டையெல்லாம் கட்டி வச்சிருக்கீங்க? மருந்துதான் வயித்துக்குள்ள போயிடுச்சே."

மருந்துக்கடைக்காரனை டாக்டர் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை. அன்றைக்கு அந்த மரியாதை சற்றுக் குறைவாகத்தான் ஒலித்தது.

அத்தனை கோப்புகளையும் வீட்டுக்கே இறக்கிக்கொள்வது என்று நுஹாத் முடிவு செய்தார். எங்கள் ஊர் இணைய வேகத்துக்கு அது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. இரவும் பகலும் அணையாத ஒரு கம்ப்யூட்டர், அதாவது ஒரு சர்வர், வீட்டில் வேண்டும். அணையாத எதையும் எங்கள் தெருவில் வைத்துக்கொள்வது சுலபம் அல்ல. அரசாங்கக் கரண்டு நாளைக்கு ஒரு மணி நேரம், அதுவும் தனக்குத் தோன்றும்போது. மற்ற நேரம் தெருமுனை ஜெனரேட்டர். பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரையும் நடுராத்திரியிலிருந்து ஏழு வரையும் அதற்கும் ஓய்வு. நுஹாத் வீட்டுக்கு வரும் கம்பியில் இரண்டரை ஆம்பியர். ஃப்ரிட்ஜ், டிவி, விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஐந்நூற்றைம்பது வாட்டைத் தாண்டினால் என் கடைக்குப் பக்கத்துப் பெட்டியில் விசை விழும். லிஃப்ட் ஓடாது. யாராவது நான்கு மாடி இறங்கி வந்து தூக்கிவிட வேண்டும். அந்த யாராவது எப்போதும் பஹீஜ்தான்.

முதலில் நுஹாத் ஜெனரேட்டர்காரர் அபூ வாஸெலிடம் போனார்.

"ஒரே ஒரு ஆம்பியர் கூடக் குடுங்களேன், அபூ வாஸெல்."

"அஞ்சா மாத்திக்குங்க மதாம். ரெண்டரைக்கு அடுத்தது அஞ்சு."

"எனக்கு ஒண்ணு போதுமே."

"அரை ஆடு வளர்ப்பீங்களா மதாம்?"

வீட்டுக்குத் திரும்பி வந்து, பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை எடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கரண்டு குடிக்கும் எதுவும் கணக்குக் காட்டாமல் தப்பவில்லை. பஹீஜின் டிவி எழுபது வாட். ஃபோன் சார்ஜர், ஃபோன் இல்லாமல் சும்மா சுவரில் தொங்கும்போதே கால் வாட். "நான் எவ்வளவு?" என்று பஹீஜ் கேட்டாராம். "நீ சும்மா உக்காந்திருந்தாலே நூறு" என்றாராம் தங்கை.

லேபிலிருந்து கொண்டுவந்த பழைய பெரிய கம்ப்யூட்டர் எண்பத்தைந்து வாட் காட்டியது. பஹீஜ் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது இன்னொரு ஃப்ரிட்ஜ். திறந்தா உள்ள சாப்பாடுகூட இல்ல" என்றார்.

அடுத்து, ஒரு சித்தி மகள் தந்த லேப்டாப். பதினான்கு வாட்தான், சகித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் பேட்டரி ரொட்டி மாதிரி உப்பி, மூடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் விட்டுவைக்கும் பொருள் அல்ல அது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு வந்தது சிகரெட் பெட்டி அளவே இருந்த ஒரு சின்ன, ஒற்றைச் சர்க்யூட் பலகைக் கம்ப்யூட்டர். மூன்று வாட். நுஹாத் அதன் மீது காதல் கொண்டார் என்றே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு துணிப்பை தைத்தார், பிறகு காற்று போகாது என்று பையைக் கழற்றினார். வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கை ஒயரில் இணைத்து, கோப்புகளை இறக்க ஆரம்பித்தார். டிஸ்க் சுழலத் தொடங்கும்போதெல்லாம் பலகைக்கு மூச்சு வாங்கியது, டிக் டிக் என்று சத்தம் கேட்டது. இருபத்திரண்டு நாள் ஓடியது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாய்கள் இறங்கியிருந்தன. ஒருநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது, நிமிடத்தில் அரசாங்கக் கரண்டு வந்தது, போனது, மறுபடி வந்தது. பலகையின் மூளையாக இருந்த நகத்தளவு மெமரி கார்டு அதில் செத்துப்போனது. டிஸ்கில் எழுதியிருந்தவையும் குழம்பிவிட்டன.

முப்பத்தேழாவது நாள் அது. நுஹாத் இறங்கி வந்து தலைவலி மாத்திரை கேட்டார். கொடுத்தேன். கடையிலேயே விழுங்கிவிட்டு, தண்ணீர் டம்ளரைக் கழுவி வைத்தார்.

"டாக்டர், நான் தப்பான கேள்வி கேட்டுட்டிருந்தேன். எது ரொம்பக் கம்மியாத் திங்கும்னு பாத்தேன். எது பட்டினி கிடந்தாலும் சாகாதுன்னு பாத்திருக்கணும்."

மறுநாள் காலை திரிப்போலிச் சந்தைக்குக் கிளம்பினார். ஐரோப்பிய அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களைக் கன்டெய்னரில் இறக்கி விற்கும் ஸுஹைரின் கடை. கூடவே பஹீஜும் போனார், தூக்குவதற்கு. நடந்ததை எனக்குச் சொன்னது அவர்தான்.

"என்ன வேகத்துல வேணும் மதாம்?" என்று கேட்டிருக்கிறார் ஸுஹைர்.

"வேகம் வேண்டாம்."

"கேம் விளையாட?"

"பல்லு வைக்க."

ஸுஹைர் பஹீஜைப் பார்த்திருக்கிறார். பஹீஜ் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்.

அலமாரியில் இருந்த ஒவ்வொரு பெட்டியையும் நுஹாத் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பத்தொன்பது வோல்ட் என்று எழுதியிருந்ததெல்லாம் ஒரு பக்கம் போயிற்று. அவர் தேடியது பன்னிரண்டு வோல்ட். பேட்டரி பன்னிரண்டு வோல்ட், ரவுட்டரும் பன்னிரண்டு. கம்ப்யூட்டரும் அதே என்றால் நடுவில் இன்வெர்ட்டர் தேவையில்லை. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே பதினைந்து வாட் கேட்கும். பன்னிரண்டை இருநூற்றிருபதாக்கி, அதை மறுபடி பன்னிரண்டாக்குவதற்கு அந்தக் கூலி.

கடைசியில் தடித்த அகராதி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி அகப்பட்டது. ஏதோ ஒரு ஹோட்டல் வரவேற்பு மேஜையில் இருந்ததாம். ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. சுழலும் டிஸ்க் இல்லாமல், அசையாத எஸ்.எஸ்.டி. உள்ளேயே திருகி வைக்க இடம் இருந்தது. மெமரி கார்டை நம்ப வேண்டியதில்லை. நுஹாத் கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்துச் செருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தரை வாட். காபி வந்தது. ஐந்தரை. வேலை கொடுத்துப் பார்த்தார், பதினொன்றுக்குப் போய்த் திரும்பி வந்தது. இடையில் பத்து முறை பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். பத்து முறையும் தானாக எழுந்துகொண்டது.

"மதாம், பதினோரு வருஷமா கடை வச்சிருக்கேன். வாங்கறதுக்கு முன்னாடியே பத்து தடவை கொலை பண்ணிப் பாத்தது நீங்கதான்" என்றார் ஸுஹைர்.

"வீட்டுக்கு வந்தா தெனம் அஞ்சு தடவை" என்றார் நுஹாத்.

ஒரு பெரிய பேட்டரியும் வாங்கினார்கள். அதை நான்கு மாடி தூக்கிய பிறகு பஹீஜ் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில், வோல்ட் ஏறி இறங்கினாலும் பன்னிரண்டாகவே கொடுக்கும் ஒரு சீராக்கி, தீப்பெட்டி அளவில். எல்லாம் செருப்பு அலமாரிக்கு மேல் அடங்கிவிட்டன. கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினார். பல்லைத் திருட ஆளில்லை என்பதை அவர் நம்பவில்லை.

பேட்டரியை சார்ஜ் செய்ய எழுபது வாட் தேவைப்பட்டது. ஃப்ரிட்ஜ் ஓடும் நேரத்தில் அதையும் டிவியையும் சேர்த்துப் போட்டால் விசை விழுந்தது. பஹீஜுக்குத் தினமும் ஆறு மணிக்குத் துருக்கித் தொடர். முதல் வாரம் அவர் மூன்று முறை இறங்கி ஏறினார். நான்காவது முறை என் கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"விட்டுக்கொடுத்துட்டீங்களா?" என்றேன்.

"இல்ல. ஆறுலேருந்து ஏழு வரைக்கும் டிவி, அப்புறம் பல்லு. ஒப்பந்தம்."

அதோடு நிற்கவில்லை. பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மணிக்கொரு முறை பார்த்து ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பதினொன்றே முக்காலுக்குக் கீழே போனால் தங்கையை எழுப்புவார். மருந்து கொடுக்க ஒருநாள் மேலே போனபோது பார்த்தேன், அலமாரிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முப்பது வருஷத்துல என்ஜின் ரூமுக்குள்ள என்னை ஒரு நாளும் விட்டதில்ல, டாக்டர்" என்றார். "சாப்பாட்டை வாசல்லயே வாங்கிப்பாங்க."

எண்பத்தெட்டாம் நாள் இறக்கம் முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் எத்தனை முறை கேட்டும் வரவில்லை. தொண்ணூற்றொன்றாம் நாள் கேட்க இடமே இல்லை. வராதவற்றின் பட்டியலை நுஹாத் படித்துப் பார்த்தார். அதில் பஹீஜின் வாயும் இருந்தது.

"ஊரான் பல்லுக்கெல்லாம் காவல் காத்தேன்" என்றார் பஹீஜ்.

"வாயைத் தொற. நாளைக்கே திரும்ப அளவு எடுக்கச் சொல்றேன்" என்றார் தங்கை. பஹீஜ் மறுத்துவிட்டார். பல் டாக்டரிடம் போக அவருக்கு பயம்.

மூன்று மாதம் அந்தப் பெட்டியை யாரும் எதற்கும் தேடி வரவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை எதிர்வீட்டு மத்தில்த் ஏப்ரனோடு ஓடி வந்தார். கனடாவில் இருக்கும் அவர் மகன் எலியாஸுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். முன்பல் கேப் உடைந்துவிட்டது. அம்மா அனுப்பிய எள்ளு பிஸ்கட்டைக் கடித்ததில்தான் உடைந்தது என்பதை மத்தில்த் கடைசியில்தான் சொன்னார். அளவெடுத்துப் புதிதாகச் செய்ய இரண்டு வாரம் ஆகும், பழைய கோப்பு இருந்தால் இரண்டு நாளில் வெட்டித் தந்துவிடலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்களாம்.

ஜெனரேட்டர் ஓய்வு நேரம். தெருவில் எந்தக் கரண்டும் இல்லை. மத்தில்த்தைச் செருப்பு அலமாரி முன்னால் நிறுத்திவிட்டு நுஹாத் ஃபோனில் தேடினார்.

"இதுக்குள்ளயா கண்ணு என் புள்ள பல்லு?"

"முப்பத்திரண்டும். ஒண்ணு குறைவு, பதினஞ்சு வயசுல பிடுங்கினதுன்னு குறிச்சிருக்கு."

"சைக்கிள்லேருந்து விழுந்தானே!"

"அது எனக்குத் தெரியாது மதாம். பள்ளம் மட்டும்தான் தெரியும்."

கோப்பு போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் மத்தில்த் பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்து ஜபித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு இரவு கல்யாணப் படங்கள் வந்தன. எலியாஸ் எல்லாப் படத்திலும் சிரித்தார், பாதிரியார் ஆசீர்வதிக்கும் படத்திலும்கூட.

செய்தி பரவியது. எங்கள் ஊர்க்காரர்கள் இல்லாத நாடு கிடையாது, எல்லோருக்கும் பல் உடைகிறது. பெர்த்திலிருந்து ஒருவர், சாவ் பாலோவிலிருந்து ஒரு குடும்பமே. வாரத்துக்கு நான்கு பேராவது எழுதுகிறார்கள். போன கோடையில் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு சோலார் தகடுகள் வந்தன. இன்னும் பெரிய மிஷினாக வாங்கலாமே என்று பஹீஜ் சொல்லிப் பார்த்தார். "எதுக்கு?" என்றார் நுஹாத்.

இந்த வசந்தத்தில் ஸ்வீடனிலிருந்து ஒரு பெண் எழுதினார். பல் உடையவில்லை. அம்மா மீனாவில் இருந்தவர், போன வருஷம் இறந்துவிட்டார், சாவுக்குத் தன்னால் வரமுடியவில்லை. அம்மாவின் வாய் அங்கே இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தார். எதற்கு என்று எழுதவில்லை. நுஹாத்தும் கேட்கவில்லை. தேடினார், இருந்தது. அனுப்பினார். கூடவே ஒரு குரல் செய்தி. மாத்திரை வாங்க வந்தபோது என் கடையில் நின்றுதான் அதைப் பேசினார்.

"கீழ் வரிசையில நடுப்பல்லு ஒண்ணு லேசா முன்னால வந்திருக்கும். ஸ்கேன்ல தப்புன்னு நினைச்சுடாதீங்க. டாக்டர் சரி பண்ணித் தரேன்னு சொன்னப்போ, உங்கம்மாதான் வேண்டாம்னுட்டாங்க, அப்படியே இருக்கட்டும்னு."

இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. அந்தப் பெண் கோப்பைக் கொடுத்து வெள்ளை அச்சாக வார்த்து வாங்கியிருக்கிறார். புத்தக அலமாரியில் வைத்து எடுத்த படம் ஒன்று. கீழே, "ஆமா, அந்தப் பல்லுதான்" என்று எழுதியிருந்தார்.

நுஹாத் படத்தைப் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வார்த்திருக்காங்க" என்றார். "ஓரத்தை மட்டும் கொஞ்சம் தேய்ச்சிருக்கலாம்."