அறுநூறு அடியில் வரும்

பால்ராஜ் கடைசியாகப் பட்ட கடன் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். நீலசந்திராவில் மொபைல் கடைக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ரூபினி டீச்சருக்குத் தர வேண்டிய இரண்டு மாத ஃபீஸ். அதையும் ஒரு ரூபாய் குறையாமல் கட்டிவிட்டார். அறுபத்திரண்டு வயதில், பெங்களூரில், எவனுக்கும் பாக்கி இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? பால்ராஜால் முடிந்தது.

படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் ரயிலேறி இங்கே வந்து, வாட்ச்மேன் வேலை, மூட்டை தூக்குகிற வேலை எல்லாம் பார்த்து, கடைசியில் போர்வெல் போட இடம் பார்த்துச் சொல்லும் தொழிலில் காலூன்றினார். உரித்த தேங்காயைக் கையில் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். நம்பாதவர்கள் ஆனேக்கல் பக்கம் போய், அவர் காட்டிய தோட்டங்களில் தண்ணீர் பாய்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டக்காரர்களிடம் பேசத் தமிழும் கன்னடமும் போதுமாயிருந்தது. அபார்ட்மென்ட்காரர்கள் தேடி வர ஆரம்பித்த பிறகுதான் இங்கிலீஷுக்குத் தேவை வந்தது. வகுப்பில் மற்ற பாடமெல்லாம் அவரைப் படாதபாடு படுத்தியது. நேற்று நடந்ததைச் சொல்ல ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வேஷம் போட்டது. ‘கோ’ போய் ‘வென்ட்’ வந்தது, ‘கம்’ போய் ‘கேம்’ வந்தது. நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்வதோ அல்வா சாப்பிடுகிற மாதிரி. நானோ, அவனோ, ஊரே சேர்ந்தோ, யாராக இருந்தாலும் நடுவில் ஒரு ‘வில்’ போட்டால் தீர்ந்தது. நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னால் இருபது எழுதிக்கொண்டு போனார். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று சொல்ல ‘மே’ என்று ஒன்று இருப்பதாகவும், அதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றும் டீச்சர் சொன்னபோது, பால்ராஜ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“எனக்கு ‘வில்’ போதும் டீச்சரம்மா. நடக்காமப் போறதப் பத்தி நான் இன்னாத்துக்குப் பேசணும்?”

இந்தக் கோடையில் சர்ஜாபுரம் சாலைப் பக்கத்து அபார்ட்மென்ட் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். எண்பது வீடு. டேங்கர் லாரிக்குக் கொட்டிக் கொடுத்து அலுத்துப்போய்ப் புது போர் போட முடிவு செய்திருந்தார்கள். சங்கத்துச் செயலாளர் ரக்ஷா வடக்கே இருந்து வந்த பெண். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. பால்ராஜுக்கு முன்னால் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, இருக்கலாம், அடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தமிழில் பேசியிருந்தால் பால்ராஜும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஏனென்றால் அன்றைக்குத் தேங்காய் முழுசாக எழவில்லை. பாதி எழுந்து சாய்ந்தது. ஆனால் சுற்றி முப்பது பேர் நிற்கிறார்கள். கையில் இருக்கிற இங்கிலீஷோ ஒன்றே ஒன்று.

“சிக்ஸ் ஹண்ட்ரட் ஃபீட், மேடம். வாட்டர் வில் கம்.”

ஷ்யூரா என்று கேட்டாள் ரக்ஷா. ஷ்யூர் என்றார். இத்தனை உறுதியாக யாரும் சொல்லவில்லையே என்று கூட்டமே தலையாட்டியது. கூலி பத்தாயிரத்தை அங்கேயே வாங்கிப் பையில் வைத்தார்.

போர் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்தது. வண்டியை நடத்தும் ரகு, பால்ராஜுக்குப் பழகிய பையன். இடம் காட்டுகிறவருக்கு அடிக்கு இவ்வளவு என்று வண்டிக்காரர் கமிஷன் தருவது தொழிலில் வழக்கம். பூமிக்குள் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுக்கு இவருக்கும் காசு. இது வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை என்பது இருவரின் கட்சி.

காலையில் அடிக்கத் தொடங்கினார்கள். அறுநூறு அடி தாண்டியது. வந்தது வெறும் தூள். கட்டடம் முழுக்கப் பால்கனியில் காய்ந்த துணி தூள் படிந்து வெளுத்துப்போனது. எழுநூறில் பால்ராஜ் ஒரு பிடி தூளை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். ராடு இறங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பாறைக்குள்ளேயே இளமையைக் கழித்த மனுஷன். கீழே இருப்பது வெடிப்பு விழாத ஒரே கல் என்று அப்போதே தெரிந்துபோயிற்று. ரக்ஷா வந்து கேட்டாள். “வில் கம், மேடம்” என்றார்.

அதற்குப் பிறகு அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். கேட்டுக்கு வெளியே போய் டீ சொன்னார், டீ வருவதற்குள் திரும்பி வந்துவிட்டார். யாரும் கூப்பிடாத போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாடியிலிருந்து யாராவது ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. எண்ணூறு அடியானது. ஆழம் கூடக்கூட அடிக்கு ரேட்டு ஏறியது. மறுபடி நடந்தார்.

கடைசியில் ரகுவின் காதோரம் போய், கல்லுடா இது, அடியில் ஒன்றுமே இல்லை என்றார்.

ரகு கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றினான். “நீங்க சும்மா இருங்ணா. அவங்களே நிறுத்தச் சொல்லாதப்ப நாம ஏனுங் வாயத் தொறக்கோணும்? உங்க கமிசனும் ஏறிட்டுத்தான இருக்குது.”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆயிரத்து இருநூறில் தண்ணீர் அடித்த கதைகள் ஊரில் நிறைய உண்டு. பேசாமல் இருந்தால் பேரும் தப்பும், காசும் வரும். இவ்வளவு ஆழம் போயும் வரவில்லை என்றால் பூமியின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். பால்ராஜ் பேசாமல்தான் இருந்தார். தொள்ளாயிரம் வரைக்கும் இருந்தார்.

அப்போது ரக்ஷா போனை நீட்டிக்கொண்டு வந்தாள். கட்டிய பணம் இதோடு தீர்ந்தது. இன்னும் அடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு மூவாயிரம் மறுபடி வசூல் செய்யவேண்டும். வாட்ஸப் குழுவில் எல்லோரும் கேட்டுக் குடைகிறார்கள். இதையெல்லாம் நிறுத்தி நிறுத்தி, அவருக்குப் புரியும்படி சொன்னாள். பெருவிரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“வாட் ஷால் ஐ ரைட், அங்கிள்?”

அவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே அடித்து அனுப்பக் காத்திருந்தாள். அதுதான் பால்ராஜை உலுக்கியது. அவர் வாயிலிருந்து வருகிற இங்கிலீஷை எண்பது வீட்டுப் படித்தவர்கள் காசு வைத்து நம்பப்போகிறார்கள். இதற்குத்தானே ஆசைப்பட்டு மாடிப்படி ஏறினார்?

ஒரு தரம் ரகுவைப் பார்த்தார். ரகு, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

“ரைட், மேடம். வாட்டர் வில் நாட் கம்.”

ரக்ஷாவின் விரல் அசையவில்லை. காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துவிட்டாளோ என்னவோ.

“வில் நாட் கம்” என்றார் மறுபடி, கொஞ்சம் சத்தமாக. “ஸ்டோன், மேடம். ஸ்டாப்.”

இயந்திரம் நின்றதும் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. மூன்றாம் மாடிக்காரர் பாலகுமார், மதுரைப் பக்கத்துக்காரர், தமிழ் தெரிந்தவர், பால்கனியிலிருந்து குனிந்து, “இன்னைக்கு வேற இங்கிலீஷா பெரியவரே? அன்னைக்கு ஷ்யூர்னு அடிச்சுச் சொன்னீங்க?” என்றார். யாரோ சிரித்தார்கள்.

“இருபது வருசத் தொழில்ல இதான் மொதல் தடவ சார்” என்று அண்ணாந்து சொன்னார் பால்ராஜ். இரண்டாவதோ மூன்றாவதோ. அதையெல்லாம் மாடியில் நிற்பவரிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை.

ரகு ராடுகளைக் கழற்ற ஆரம்பித்தான். கமிஷன் பேச்சை அவனும் எடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. இன்னும் இருநூறு அடி போயிருந்தால் வந்திருக்குமோ என்ற நினைப்பு அதற்குள் குடையத் தொடங்கியிருந்தது. அது இனி வீடு வரைக்கும் கூடவே வரும், படுக்கையிலும் வந்து படுக்கும். பால்ராஜ் நிற்காமல் விடுவிடுவென்று கேட்டைத் தாண்டி, பேக்கரிக்குப் பக்கத்து ஏடிஎம்முக்குப் போய்த் திரும்பினார்.

வேண்டாம் அங்கிள், கூலி உங்களிடமே இருக்கட்டும், நீங்கள் நிறுத்தச் சொன்னதே பெரிது என்று ரக்ஷா இங்கிலீஷில் ஏதேதோ சொன்னாள். அவர் பாதையை விட்டு நகரவில்லை.

“டேக், மேடம்.”

அவள் தயங்கித் தயங்கிக் கையை நீட்டி விரித்தாள். விரலிடுக்கில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. பால்ராஜ் நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று தமிழிலேயே சத்தமாக எண்ணி, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார்.